பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பழைய வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ் (கேம் பதிந்த, சாதனத்தில் செருகும் பிளாஸ்டிக் பெட்டி) கைக்கு வந்ததும் முதலில் லேபிளைத்தான் பார்ப்பேன். கிழிந்த லேபிளைச் சரிசெய்ய வழியே இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள்: கீறல், ஸ்டிக்கர் உரித்த தடம், யாரோ பேனாவால் எழுதிய பெயர் எல்லாம் தெரிந்துவிடும்.

அப்புறம் பின்கள், அதாவது சாதனத்தில் செருகும் ஓரத்தில் உள்ள உலோக இணைப்புகள். வெறுமனே கறுத்திருந்தால் பயம் வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். பச்சை பூத்து உலோகப் பூச்சே அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். வாயால் மட்டும் ஊதவே ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்களை அரிக்கும்.

நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் சாதனமான என்.இ.எஸ்.ஸின் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றைத் திறக்க 3.8 மி.மீ. பிட் (அந்தத் திருகுகளுக்கான தனி ஸ்க்ரூடிரைவர் முனை) வேண்டும். முதல் 'செல்டா' கேம் மாதிரி, விட்ட இடத்திலிருந்து தொடரும் சேவ் வசதி உள்ளவற்றில் உள்ளே சின்ன பேட்டரி இருக்கும். அது செத்திருந்தாலும் கேம் ஓடும், சேவ் மட்டும் நிற்காது. பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், சரி. ஆனால் சாதாரணமாகக் கழற்றினால் பழைய சேவ் அழிந்துவிடும்.