பிரஷைட் எலும்புச் சிமெண்டை ஆய்வகத்தில் குழைக்கும் முறை

எலும்புச் சிமெண்ட் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, 1958-ஆம் ஆண்டில் ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் செயற்கை இடுப்பு மூட்டின் தண்டைத் தொடை எலும்புக்குள் இறுக்கப் பயன்படுத்திய அக்ரிலிக் சிமெண்ட்தான். அது வலுவானது, ஆனால் இறுகும்போது கடுமையாகச் சூடேறும், உடலில் கரையாமல் அப்படியே தங்கிவிடும். மூட்டைத் தாங்குவதற்கு அந்த நிலைத்தன்மைதான் வேண்டும். எலும்பில் விழுந்த குழியை நிரப்பிவிட்டு, புதிய எலும்பு வளர வளரத் தானே கரைந்து வழிவிட வேண்டிய இடத்துக்குக் கால்சியம் பாஸ்பேட் சிமெண்டுகளே பொருத்தம். அவற்றுள் விரைவாகக் கரையக்கூடியது, நீரேறிய டைகால்சியம் பாஸ்பேட்டான பிரஷைட். முதன்முதலாக அதைக் குழைக்கப்போகும் முதுநிலை மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இவ்வாறு செய்யப்படும் சிமெண்ட் சோதனைக்கு மட்டுமே. கிருமி நீக்கமோ தூய்மைச் சான்றோ இல்லாததால் உடலுக்குள் வைக்கத் தக்கதன்று.

முதலில் பொடிகள். பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட், மோனோகால்சியம் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் ஆகிய இரண்டும் நீருடன் சேர்ந்து வினைபுரிந்துதான் பிரஷைட் உண்டாகிறது. இரண்டும் கடையில் கிடைக்கும். முன்னதை நானே செய்துகொள்கிறேன். நீரற்ற டைகால்சியம் பாஸ்பேட் இரண்டு மோலுக்குக் கால்சியம் கார்பனேட் ஒரு மோல் என்ற கணக்கில் கலந்து, உலையில் 1050 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு முழுவதும் வைத்தால் போதும். வெப்பநிலை 1125-ஐத் தாண்டினால் ஆல்ஃபா வடிவமாக மாறத் தொடங்கும் என்பதால், உலையின் காட்டியை மட்டும் நம்பாமல் தனி வெப்பமானியால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரைப்பதற்கு அகேட் உரலும் குழவியுமே என் தேர்வு. பந்து ஆலை விரைவானதுதான் என்றாலும், பொடி எவ்வளவு நுண்மையாகிறது என்பது கைக்குத் தெரியாமல் போய்விடும். துகள் சிறுத்தால் சிமெண்ட் இறுகும் வேகமும் கூடிவிடும்.

பத்து கிராம் பொடிக்கு டிரைகால்சியம் பாஸ்பேட் 6 கிராம், மோனோகால்சியம் பாஸ்பேட் 4 கிராம். வேதிச் சமன்பாட்டின்படி 5.5-க்கு 4.5 என்பதே சரியான விகிதம். ஆயினும் முன்னது சற்று மிகுந்திருந்தால், வினைபுரியாத அமிலத்தன்மை பின்னர் தங்காது என்பதால் இப்படி வைத்திருக்கிறேன்.

இனி வருவதுதான் என்னை இரண்டு மாதம் அலைக்கழித்த படி. தினமும் எடை போடுவதைத் தவிர்க்கலாம் என்று எண்ணி, இரண்டு பொடிகளையும் ஒரேயடியாக ஐம்பது கிராம் கலந்து, திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் குப்பியில் அலமாரியில் வைத்தேன். முதல் நாள் நன்றாக இறுகிய அதே கலவை, இரண்டாம் வாரத்தில் களிமண்போல் தொளதொளவென்று கிடந்தது. நீர்மத்தைக் குறைத்தேன், துகளை மாற்றினேன், தராசைக்கூடச் சந்தேகித்தேன். இறுதியில் குழைக்காத பொடியையே, படிகங்களை அடையாளம் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்புவளைவுச் சோதனைக்கு அனுப்பியபோது, 26.5 பாகைக்கு அருகிலும் 30.2 பாகையிலும், பிரஷைட்டின் நீரற்ற வடிவமான மோனடைட்டின் உச்சிகள் தெரிந்தன. எங்கள் ஆய்வகம் கடற்கரையை ஒட்டியது. காற்றிலிருந்த ஈரமே அமிலத்தன்மையுள்ள மோனோகால்சியம் பாஸ்பேட் பொடியின் மேற்பரப்பில் படிந்து, பக்கத்திலிருந்த டிரைகால்சியம் பாஸ்பேட்டுடன் குப்பிக்குள்ளேயே வினையை நடத்தி முடித்திருந்தது. ஆகவே இரண்டு பொடிகளையும் தனித்தனிக் குப்பிகளில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட டெசிகேட்டரில் (காற்றுப்புகா உலர்கலனில்) வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் உடனே மாற்றுங்கள். குழைக்கும் அன்று மட்டும் கலவுங்கள்.

நீர்மமாக வெறும் நீரை ஊற்றினால், ஒரு நிமிடத்துக்குள் ஸ்பாட்டுலாவோடு சேர்ந்து இறுகிவிடும். எனவே இறுகுவதைத் தாமதப்படுத்த 0.5 மோலார் சிட்ரிக் அமிலக் கரைசல் தேவை. மோனோஹைட்ரேட் வடிவத்தில் 10.5 கிராமைக் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். பத்து கிராம் பொடிக்கு 3.3 மி.லி. போதும். அதில் ஏறத்தாழ 2 மி.லி. நீர் பிரஷைட் படிகத்துக்குள் புகுந்துவிடும். மிஞ்சுவதெல்லாம் பின்னர் துளைகளாக நிற்கும். இளகலாக இருக்கட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் வலிமை குறைவது இதனால்தான்.

குழைப்பதற்குப் பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் தடித்த கண்ணாடிப் பலகையைவிடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை. அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்து, மேலே படியும் பனித்துளியைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தினால் இன்னும் சிறிது நேரம் கிடைக்கும். முப்பது நொடி அழுத்திக் குழைத்து, உடனே அச்சில் நிரப்பிவிடுங்கள். இறுகத் தொடங்கிய கலவையை மீண்டும் கிளறினால், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்த படிகங்கள் உடைந்துபோகும். அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல். இறுகும் நேரத்தை அளக்க கில்மோர் ஊசிகள் போதும்: 113.4 கிராம் ஊசியின் தடம் பதியாத நொடி தொடக்க இறுக்கம், 453.6 கிராம் ஊசியின் தடமும் பதியாத நொடி இறுதி இறுக்கம்.

அச்சு 6 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. உயரமும் உடையதாக இருக்கட்டும். மாதிரிகளை 37 டிகிரியில் ஈரப்பதம் நிறைந்த பெட்டியில் ஒரு நாள் வைத்து, ஈரம் காயுமுன்பே அழுத்தச் சோதனைக்கு எடுங்கள். உலர்ந்த மாதிரி கூடுதல் வலிமை காட்டும். உடலுக்குள் உலர்ந்த எலும்பு ஏது? பிரஷைட் உருவாகியிருந்தால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் 11.7 பாகையில் உயர்ந்த உச்சி தெரியும்.

பின்சேர்க்கை: இதைப் பின்பற்றிய சிலர், சிரிஞ்சில் அடைத்து அழுத்தினால் நீர்மம் மட்டும் வெளியேறிப் பொடி உள்ளேயே கட்டியாகிவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். நான் அச்சில் மட்டுமே நிரப்பி வந்ததால் இதை முன்பு கவனிக்கவில்லை. டிரைகால்சியம் பாஸ்பேட்டை இன்னும் நுண்மையாக அரைத்து, ஊசியே இல்லாமல் சிரிஞ்சின் அகன்ற வாய் வழியாக மெதுவாக, ஒரே சீராக அழுத்தியபோது எனக்குப் பெரும்பகுதி வெளியே வந்தது. அவ்வாறு அரைத்த பொடி முன்பைவிட விரைவாக இறுகும் என்பதால், கில்மோர் அளவை மறுபடியும் எடுத்துவிட்டே சிரிஞ்சைத் தொடுங்கள்.