பலன் தெரியும் முன் வீடியோ போடாதீர்கள்: கேமராவோடு தோட்டத்துக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கோவையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, ஊரில் கிடக்கும் ஒன்றரை ஏக்கரில் மருந்தடிக்காமல் பயிர் செய்து, அதையே வீடியோவாகவும் எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் பெண் போனை நீட்டி முதல் வீடியோவைக் காட்டினாள். இரண்டாவது நிமிடத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மழைநீரை நேராக போர்வெல்லுக்குள் விட்டு, பலன் தெரியும் முன்பே வீடியோ போட்டிருந்தார்கள். 2021-ல் நாங்கள் செய்த அதே காரியம்.

நாங்களும் திட்டம் போட்டு இதற்குள் வந்தவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் கோவையில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு மில்லில் கணக்கு பார்த்தேன். 2020 ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றுபோக, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டோம். சும்மா கிடந்த கேமராவில் அவர் முதலில் எடுத்தது, தண்ணீர் லாரிக்காகத் தெருவில் வரிசை வைத்திருந்த குடங்களை. ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் அடையாளத்துக்கு ஒரு கலர் துணி கட்டியிருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தோம்.

துணிப்பை, குப்பை பிரிப்பது, போனை ஆடாமல் பிடிப்பது இதெல்லாம் இரண்டே வாரத்தில் தானாக வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காற்று

பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் ஆடியில் மேற்கிலிருந்தும் காற்று அதற்குள் புகுந்து வரும். எங்கள் முதல் பத்து வீடியோவில் பேச்சே கேட்காது. மைக்குக்குப் பஞ்சுத்தொப்பி போடுங்கள். விடியற்காலையில், மாட்டுக்கொட்டகைச் சுவர் மறைவில் நின்று பேசுங்கள்.

பலன் தெரியும் முன் வீடியோ போடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதி கேரளாவில் இருந்தாலும் மழை மறைவுப் பிரதேசம். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிய வட்டாரம் என்று எங்கள் பாலக்காட்டுச் சித்தூரின் பெயர் பல வருடங்கள் அரசுக் கணக்கில் இருந்தது. அதனால் மழைநீரை போருக்குள் இறக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரே வேகம். 2021 ஜூனில் வாசல் தண்ணீர், கொட்டகைப் பக்கத்துத் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே வாய்க்காலில் சேர்த்தோம். போரின் மூடியைக் கழற்றி, குழாயை நேராக உள்ளே விட்டோம். முதல் கனமழையில் தண்ணீர் மடமடவென்று இறங்கிய சத்தத்தைப் பதிவு செய்து அன்று ராத்திரியே வீடியோவும் போட்டோம். அதுவரை எங்கள் வீடியோ எதையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை.

ஆகஸ்டில் குழாயைத் திறந்தால் செம்மண் கலங்கலும் சாணி வாடையும். அப்புறம் வண்டல் ஏறி மோட்டாரே இறுகிவிட்டது. கம்ப்ரசர் காற்றால் போரின் சேற்றை வெளியே தள்ளி ஃப்ளஷிங் செய்தோம், மோட்டாரை மாற்றினோம். அது எங்கள் பணம், போகட்டும். ஆனால் எருத்தேம்பதி பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் போன் செய்தார். "ஏனுங்க அம்மிணி, நீங்க வீடியோவுல காட்டுன மாதிரித்தானுங்க செஞ்சோம், தண்ணி நாத்தமடிக்குதுங்க, என்னங்க பண்றது?" என்று கேட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் வீட்டில் குடிக்க இருந்தது அந்த ஒரு போர் தண்ணீர்தான். வீடியோவை அன்றே எடுத்துவிட்டோம். ஆனால் வாட்ஸ்அப்பில் போனதை யார் திரும்பக் கூப்பிட முடியும்? அடுத்த வருடமும் அது சுற்றிக்கொண்டிருந்தது.

சரியான முறை இதுதான். தரையில் ஓடும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கூரைத் தண்ணீர் மட்டும். மழை தொடங்கி முதல் பத்து, பதினைந்து நிமிடம் வருவதை வெளியே விட்டுவிடுங்கள். மீதியை அடியில் பெரிய கல், அதன் மேல் ஜல்லி, கரி, மேலே மணல் போட்ட தொட்டி வழியாக வடித்து, திறந்த கிணற்றில் விடுங்கள். திருச்சூர் மாவட்டத்தில் 2008-ல் தொடங்கிய மழப்பொலிமா திட்டமும் கூரை நீரைக் கிணற்றில் இறக்குவதுதான். போரில் விட்டே ஆக வேண்டும் என்றால், விவரம் தெரிந்தவரை நேரில் அழைத்துக் காட்டாமல் கை வைக்காதீர்கள்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். எங்கள் ஓட்டு வீடு 75 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழைக்கு 1,500 லிட்டர். ஓட்டில் ஊறியதும் முதலில் வெளியே விட்டதும் போக 1,200 கிடைத்தாலே பெரிது.

வீடியோ எப்போது போடலாம்? இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை போகட்டும், துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் போகட்டும். சித்திரை வெயிலில் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்துவிட்டுப் போடுங்கள். மண்புழு உரமோ மூடாக்கோ எதுவானாலும் இதே கணக்குதான். அந்தத் தம்பதி குழாய் பதித்த நான்காம் நாள் வீடியோ போட்டிருந்தார்கள். "பார்க்கிறவங்க குறைஞ்சிடுவாங்களேக்கா" என்றாள் அந்தப் பெண். குறையட்டும் என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் போர் மூடியைத் திரும்ப மாட்டிய படத்தை அனுப்பியிருந்தாள்.

ஒரே வீடியோவில் தமிழும் மலையாளமும்

ஒன்றில் பேசுங்கள். மற்றதை எழுத்தாகக் கீழே போடுங்கள்.

பிளாச்சிமடையை முதல் வீடியோவாக எடுப்பது

பக்கத்தில்தானே என்று புதியவர்கள் எல்லோரும் போகிறார்கள். ஊர் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று 2002 ஏப்ரல் 22-ல் கொக்ககோலா குளிர்பான ஆலைக்கு எதிரில் பந்தல் போட்டு உட்கார்ந்த சனம் அது. இரவாளர் பழங்குடிச் சமூகத்து மயிலம்மா முன்னால் நின்றார். 2004-ல் ஆலை நின்றது. அரசு அமைத்த குழு 2010-ல் 216 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று கணக்குப் போட்டது. அந்த இழப்பீட்டை வாங்கித்தர 2011-ல் கேரள சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதா சட்டமாகவில்லை. மயிலம்மா 2007-லேயே இறந்துவிட்டார். அந்த ஊர்ப் பெண்கள் எத்தனை கேமராவுக்கு முன்னால்தான் அதே கதையைச் சொல்வார்கள்? முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள். அவர்களாக எடுக்கச் சொன்னால் எடுங்கள். எடுத்ததை அவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு வெளியிடுங்கள்.

பனை

வரப்பில் நிற்பதை வெட்டாதீர்கள், ஃப்ரேமை மறைத்தாலும்.