வயிற்றுப் பிள்ளையின் கணையம்: நம்ம பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

"கொஞ்சமாச் சாப்பிடு, பிள்ளை சின்னதா இருந்தாத்தான் சுகப்பிரசவம் ஆகும்." திருநெல்வேலிப் பக்கம் இன்னும் காதில் விழும் இந்த யோசனைதான் முதல் தவறு. பிள்ளையின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் மூன்றாம் மாதத்துக்குள் தோன்றிவிடும். வேகமாகப் பெருகுவது அதற்குப் பிறகு. அப்போது தாய்க்குப் புரதம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். 20 சதவீதப் புரத உணவை 8 ஆகக் குறைத்ததும் குட்டிகளுக்கு பீட்டா செல்களும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் குறைந்துபோயின. மனிதர்களிலும், நெதர்லாந்தில் 1944–45 போர்க்காலப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரை எளிதில் கட்டுப்படவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி வழக்கமான உணவுக்கு மேல், நடு மூன்று மாதத்தில் நாளுக்கு 9.5 கிராம் புரதம், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, துவையலுக்கு வறுக்கும் 30 கிராம் காணத்தில் (கொள்ளில்) 6. சாளை மீன் கிடைத்தால் கணக்கு சுலபமாக முடியும். ரசஞ்சோறும் அப்பளமும் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான்.

"கருப்பட்டிதானே, ஒன்னும் செய்யாது" என்பது அடுத்தது. உளுந்தங்களியில் உளுந்து நல்லதுதான். கருப்பட்டி சர்க்கரையைப் போலவே ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அந்தக் குளுக்கோஸ் நச்சுக்கொடியைத் தாண்டும், தாயின் இன்சுலின் தாண்டாது. அதனால் பிள்ளையின் கணையம் தானே கூடுதலாகச் சுரக்கும். கொடி அறுத்ததும் பிள்ளைக்குச் சர்க்கரை சடாரென இறங்கும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 140 மி.கி. அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். முதல் சோதனை சரியாக இருந்தாலும் 24–28 வாரத்தில் மறுபடி பார்க்கணும். தாயின் உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் போவது கூடுவதே அப்போதுதான்.

மன அழுத்தத்தில் தாய்க்குக் கார்டிசோல் என்ற ஹார்மோன் கூடும். அது பிள்ளைக்கு அதிகம் போகக் கூடாது. அதில் பெரும்பகுதியை நச்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி செயலிழக்க வைக்கிறது. வீட்டில் ஒருநாள் சண்டை வந்தால் பிள்ளைக்குக் கெடுதல் என்று பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் நீளும் அழுத்தமும், பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு காலைச் சாப்பாட்டை மதியம் வரை தள்ளுவதும்தான் கவலைக்குரியவை. புகையிலைத் தூசி தனிக் கேடு.

பலருக்குத் தெரியாதது அதிமதுரம். அதிலுள்ள கிளைசிரைசின் அதே நொதியைத் தடுக்கும். இருமலுக்கென்று தினமும் கஷாயம் வைக்காதீர்கள்.

கார்டிசோலைப் போல வேலை செய்யும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை அந்த நொதியால் அவ்வளவாக அடக்க முடியாது. வீசிங் என்று மெடிக்கல்லில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். ஆனால் குறைமாதத்தில் பிரசவம் ஆகும்போல இருந்து, பிள்ளையின் நுரையீரலுக்காக டாக்டர் ஊசியாகப் போடும் அதே மருந்தை மறுக்கக் கூடாது.