ஊசியிலை சிவக்கும்வரை காத்திருக்காதீர்கள்

பைன், ஸ்புரூஸ் மரங்களில் ஊசியிலை சிவந்த பிறகுதான் பலர் பட்டைக்கு அடியில் குடைந்து மரத்தைக் கொல்லும் பட்டை வண்டைத் தேடுகிறார்கள். அதற்குள் வண்டுகள் பெரும்பாலும் வேறு மரத்துக்குப் பறந்து போயிருக்கும். பார்க்க வேண்டியது அடிமரத்தை. பட்டை இடுக்கிலும், மரத்தடிச் சிலந்தி வலையிலும் காப்பித்தூள் போலப் பழுப்புத் தூள் படிந்திருந்தால் வண்டு உள்ளே குடைகிறது என்று அர்த்தம். மழை பெய்தால் தூள் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு பாருங்கள்.

நலமான மரம் பிசினைப் பொங்கவிட்டு வண்டை வெளியே தள்ளும். வறட்சியில் வாடிய மரத்தால் அது முடியாது. முதலில் நுழைந்த வண்டு வாசனை விட்டுக் கூட்டத்தையே அழைக்கும். கூட்டம் பெருகினால் நல்ல மரமும் தாங்காது.

சரி, என்ன செய்வது? தாக்கப்பட்ட மரத்தை வெட்டி, உள்ளிருக்கும் புழு வண்டாவதற்குள் காட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், இல்லையென்றால் பட்டையை உரித்துவிடுங்கள். உரிக்கும்போதே வளர்ந்த வண்டு தெரிந்தால் அந்தப் பட்டையையும் அழிக்க வேண்டும். காற்றில் சாய்ந்த பச்சை மரத்தையும் அப்படியே போட்டுவைக்காதீர்கள். பட்டை கழன்று காய்ந்த பழைய மரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ப்ளீஸ். அதில் இந்த வண்டு இருக்காது. மரங்கொத்திக்கு அது வீடு.