மெராபி எரிமலையின் அறிக்கையைப் படிப்பது எப்படி?

ஜாவாத் தீவில் யோக்யகார்த்தா நகருக்கு வடக்கே, 30 கி.மீ. தூரத்துக்குள் நிற்கிறது மெராபி. அதன் நிலவர அறிக்கை நாள் முழுக்க ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். 'மாக்மா இந்தோனேசியா' தளத்தில் யாரும் பார்க்கலாம். இந்தோனேசிய மொழி தெரியாதா? பரவாயில்லை, சில சொற்கள் போதும்.

1. முதலில் எச்சரிக்கை நிலை. நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ் என நான்கு. அவாஸ்தான் உச்சம். 2020 நவம்பர் 5 அன்று மெராபியைச் சியாகாவுக்கு உயர்த்தினார்கள்.

2. அடுத்து நில அதிர்வுப் பகுதி. 'குகுரான்' என்றால் பாறைச் சரிவு. எத்தனை முறை, அலை எத்தனை மி.மீ., எத்தனை வினாடி நீடித்தது என்று பக்கத்திலேயே இருக்கும். ஒரு நாள் எண்ணை வைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு வாரத்து எண்களைத் தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

3. 'அவான் பனாஸ்', அதாவது சூடான மேகம் என்ற சொல் வந்தால் நிதானமாகப் படியுங்கள். மெராபியின் குழம்பு கெட்டியானது. ஓடாமல் உச்சியிலேயே குவியும். அந்தக் குவியல் உடையும்போது கொதிக்கும் சாம்பலும் பாறையும் வாயுவும் ஒன்றாக உருண்டு இறங்கும். ஜாவாக்காரர்கள் இதைச் சடை ஆடு என்ற பொருளில் 'வெடுஸ் கெம்பெல்' என்பார்கள். பார்த்தால் ஆட்டு ரோமம்போலச் சுருள் சுருளாகத்தான் இருக்கும். ஓடித் தப்ப முடியாது.

4. வார அறிக்கையில் மலை வீங்குகிறதா என்று பாருங்கள். மலைமேல் கண்ணாடிகளைப் பதித்திருக்கிறார்கள். கீழேயுள்ள கண்காணிப்பு நிலையத்திலிருந்து ஒளிக்கதிரை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துத் தூரத்தை அளப்பார்கள். தூரம் குறைந்தால் மலை நம் பக்கம் புடைக்கிறது. 2010 அக்டோபரில் தெற்குச் சரிவில் இது நாளுக்கு 50 செ.மீ. வரை குறைந்தது! 25ஆம் தேதி அவாஸ் அறிவித்தார்கள். மறுநாள் மாலையே வெடித்தது. நவம்பர் 5 அன்று இன்னும் பெரிதாக. ஆபத்து எல்லையை 20 கி.மீ. வரை நீட்டினார்கள். 350 பேருக்கு மேல் இறந்தார்கள், மலையின் காவலராக மக்கள் மதித்த ம்பா மரிஜான் உட்பட. அந்த அளவீடு இல்லாதிருந்தால் எத்தனை ஊர் போயிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

5. அப்புறம் மழை. சரிவில் கிடக்கும் சாம்பலை மழை கரைத்தால் ஆற்றில் சேற்று வெள்ளம் பாயும். இதுதான் 'லஹார்'. வெடிப்பு ஓய்ந்த பிறகும் வரும்.

6. கடைசியில் 'பொத்தென்சி பஹாயா' என்ற ஆபத்துப் பகுதி. எந்த ஆற்றில் எத்தனை கி.மீ. வரை ஆபத்து என்று பெயரோடு எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் தங்கும் இடத்துக்குப் பக்கத்து ஆறு எது என்று கேட்டு, இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.