சந்தை சொல்லும் முறை: காது பழகிய பிறகே புத்தகம்

குரு சொல்ல, மாணவர் திருப்பிச் சொல்லி வேதம் கற்கும் முறைதான் சந்தை. அது தொடங்கும்போது புத்தகம் மூடியே இருக்கட்டும். குரு ஒரு துண்டை ஒரு தடவை சொல்வார்; மாணவர் அதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதலில் ஓரிரு பதம் (சொல்), பிறகு அரை வாக்கியம், பிறகு முழு வாக்கியம். கிருஷ்ண யஜுர்வேதத்தின் கிளையான தைத்திரீய சாகையில் பாடத்தின் அளவு பஞ்சாதி, அதாவது ஏறக்குறைய 50 பதங்கள். புதியவருக்கு ஒரு நாளைக்குக் கால் பஞ்சாதியே அதிகம். குரு மூச்சு விடும் இடத்தில் மட்டும் மூச்சு விடுங்கள். பதத்தின் நடுவில் விட்டால் அடுத்த எழுத்தின் ஸ்வரம் (குரலின் ஏற்ற இறக்கம்) நழுவும்.

ஸ்வரத்துக்கு 'ஸஹ நாவவது' என்று தொடங்கும் சாந்தி மந்திரம் நல்ல பயிற்சி. 'ஸ' அனுதாத்தம், கீழே இறங்கும். எழுத்தின் அடியில் கோடு இருக்கும். 'ஹ' உதாத்தம், குறியே கிடையாது, நடு நிலை. 'நா' ஸ்வரிதம், மேலே ஏறும். தலையில் நிமிர்ந்த கோடு. மிச்சமுள்ள 'வவது' நடு நிலைக்குத் திரும்பிவிடும். புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: ஏறிய குரலை இறக்காமல் அப்படியே இழுத்துக்கொண்டு போவது. இன்னொன்று, மேல் ஸ்வரத்தில் குரலை உரக்க எழுப்புவது. ஏற வேண்டியது சுருதி, சத்தம் அல்ல.

தமிழ் எழுத்தில் படிப்பவருக்குத் தனிச் சிக்கல் உண்டு. 'பலம்' என்று எழுதினால் வலிமையா பழமா என்று தெரியாது. ப³லம் வலிமை, ப²லம் பழம். அந்தச் சிறிய எண்களைக் கவனிக்காமல் படித்தால் பொருளே மாறிவிடும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பாருங்கள்: 2, 4 எண்ணிட்ட எழுத்துகளில் காற்று கையில் பட வேண்டும், 1, 3-இல் அவ்வளவாகப் படக்கூடாது. நிறுத்தும் இடத்தில் வரும் விஸர்க்கம் (':' என்று எழுதும் ஹகார ஒலி) முந்தைய உயிரையே எதிரொலிக்கும். 'சாந்தி:' என்பது சாந்திஹி, சாந்திஹ அல்ல.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ப்லுதத்துக்கு (நெடிலினும் நீளும் உயிர்) மூன்று. வேகம் கூடினால் முதலில் சுருங்குவது நெடில்தான். பாட்டு போல இழுப்பது, அவசரம், தலையாட்டல், எழுதி வைத்துப் படிப்பது, பொருள் தெரியாமல் சொல்வது, மெலிந்த குரல் ஆகிய ஆறையும் பாணினீய சிக்ஷை என்ற உச்சரிப்பு நூல் குறையாகச் சொல்கிறது. (நம்பூதிரிகள் சிறுவனின் தலையைப் பிடித்து ஸ்வரத்துக்கேற்ப அசைத்துக் கற்பிப்பது வேறு விஷயம்; அது குரு ஸ்வரத்தை உடம்பில் ஏற்றும் வழி.)

சந்தை முடிந்த பகுதியைத் தினமும் திருவை சொல்லி, அதாவது திரும்பத் திரும்பச் சொல்லிக் கெட்டிப்படுத்த வேண்டும். அதை விட்டுவிட்டுப் புதுப் பாடத்துக்கு ஓடினால், ஒரே மாதிரி வரும் இரண்டு வாக்கியங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும். பிரதமை, அஷ்டமி, சதுர்தசி, அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாட்களில் புதுப் பாடம் கிடையாது.

ஸம்ஹிதையும் (சந்தியோடு சேர்த்துச் சொல்வது) பத பாடமும் (பதம் பதமாகப் பிரித்துச் சொல்வது) மனதில் நின்ற பிறகு, பதங்களைக் கோத்துச் சொல்லும் முறைகள் வரும். இங்கே எண்கள் பதங்களின் வரிசையைக் குறிக்கும். க்ரமத்தில் 1-2, 2-3, 3-4. ஜடையில் 1-2, 2-1, 1-2. கனத்தில் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3. ஒரு பதம் விடுபட்டாலும் அடுத்த கோவையிலேயே தட்டுப்படும். ஸ்வரமும் சந்தியும் உறுதியாகாமல் கனத்துக்குத் தாவியவர், பின்னோக்கி வரும் 3-2-1-இல் மாட்டிக்கொள்வார். அங்கே புதிய சேர்க்கைக்கேற்ப ஸ்வரம் மாறும். மனப்பாடம் மட்டும் கைகொடுக்காது.