சப்வூபருக்கு அம்ப் பொருத்துவது: கொயிலைக் கடைசியாகத் தெரிவு செய்யுங்கள்

கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் கார் ஓடியோ வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது சப்வூபர் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் "2000 வொட்" தான். அதை வாங்கிக்கொண்டு வந்த பிறகு எந்த அம்ப் (அம்பிளிபயர்) போடலாம் என்று கேட்பதுதான் வழமை. செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். வாகனத்தால் எவ்வளவு கரண்ட் தர முடியும் என்று முதலில் பாருங்கள். அதற்குள் அடங்கும் அம்ப்பை எடுங்கள். அந்த அம்ப் எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) முழுப் பவரையும் தருகிறதோ, அந்த ஓமுக்கு வயர் பண்ணக்கூடிய சப்வூபரைக் கடைசியாகத் தெரிவு செய்யுங்கள். பெரும்பாலான நல்ல சப்வூபர்கள் ஒரே மொடலில் 2 ஓம் கொயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்), 4 ஓம் கொயில் என இரண்டு விதமாக வருகின்றன. தவறானதை வாங்கிவிட்டால் பிறகு வயரால் சரிசெய்ய முடியாது.

வாகனத்திலிருந்து தொடங்குவோம்

டி வகுப்பு அம்ப் ஒன்றின் செயற்திறனைச் சுமார் 80 சதவீதம் என்று வைத்தால், 500 வொட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய பவர்) எடுக்க 500 ÷ 0.8 ÷ 13.8, அதாவது 45 அம்பியர் வேண்டும். 300 வொட் என்றால் 27 அம்பியர். பழைய ஏபி வகுப்பு அம்ப்பில் அதே 500 வொட்டுக்கு 65 அம்பியரைத் தாண்டிவிடும். பாட்டில் பேஸ் இடைவிடாமல் அடிப்பதில்லை என்பதால் சராசரி இதில் மூன்றிலொரு பங்கு அளவில்தான் நிற்கும். ஆனால் காலி வீதி நெரிசலில், ஏசி ஓட, எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஒல்டனேற்றரிடம் (எஞ்சினால் ஓடி மின்சாரம் தரும் கருவி) அந்த மிச்சமும் இருக்காது.

அதைப் பார்ப்பது சுலபம். ஐடிலில் ஏசியையும் ஹெட்லைட்டையும் போட்டு, பற்றரி முனைகளில் மல்டிமீற்றரை வையுங்கள். 13.5 வோல்டுக்கு மேல் நின்றால் இடம் இருக்கிறது. 13க்குக் கீழே இறங்கினால் முதலில் பற்றரியையும் ஒல்டனேற்றரையும் பார்க்க வேண்டும். சில புதிய வாகனங்களில் கணினியே சார்ஜைக் குறைத்துவிடும், அதனால் ஒரு தடவை பார்த்து முடிவெடுக்காதீர்கள். 660 சிசி வாகன் ஆருக்கு 300 வொட் ஆர்.எம்.எஸ். போதும். அக்சியோ, எலியன் அளவுக்கு 500 வரை போகலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் செலவு அம்ப்பில் இல்லை, மின்சாரப் பக்கத்தில்தான்.

அக்வா, பிரியஸ் வேறு கதை. இவற்றில் ஒல்டனேற்றரே கிடையாது, 12 வோல்ட் பற்றரியைப் பெரிய ஹைபிரிட் பற்றரிதான் மாற்றி வழியாகச் சார்ஜ் செய்கிறது. அந்தச் சிறிய பற்றரி பல மொடல்களில் வாகனத்தின் பின்பக்கத்திலேயே இருப்பதால் கேபிள் நீளம் மிச்சம். ஆனால் ரெடி விளக்கு எரியாமல் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தால் பற்றரி இறங்கி, வாகனம் ரெடிக்கே வராது. உயர் வோல்ட் ஓடும் செம்மஞ்சள் நிறக் கேபிளுக்குக் கிட்டவும் போக வேண்டாம். பின் இருக்கைப் பக்கம் உள்ள காற்றுத் துவாரத்தைப் பெட்டியால் அடைக்கவும் வேண்டாம். ஹைபிரிட் பற்றரி குளிர்வது அந்தத் துவாரத்தின் வழியாகத்தான்.

அம்ப்பின் உண்மையான பவர்

கடைக் கவுன்டரில் நின்றே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. அம்ப்பைத் திருப்பி, பக்கத்தில் செருகியிருக்கும் பியூஸைப் பாருங்கள். "2000 வொட்" என்று எழுதிய அம்ப்பில் ஒரேயொரு 30 அம்பியர் பியூஸ் இருந்தால், உள்ளே போகக்கூடியதே 30 × 13.8, சுமார் 414 வொட். டி வகுப்பில் வெளியே வருவது 310 முதல் 330 வரை. அவ்வளவுதான். இரண்டு 30 அம்பியர் பியூஸ் என்றால் 600 சொச்சம். விவரத் தாளில் சி.ஈ.ஏ. 2006 (அம்ப் பவரை அளக்கும் தரநிலை) என்று குறிப்பிட்டிருந்தால் அதிலுள்ள எண்ணை நம்பலாம். 14.4 வோல்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மிகாத சிதைவோடு அளந்த எண் அது. மேக்ஸ், பீக் என்று போட்ட எண்களுக்கு அருகிலும் போகாதீர்கள்.

சப்வூபரின் ஆர்.எம்.எஸ். அளவுக்குச் சமமாக, அல்லது 20 சதவீதம் கூடுதலாக அம்ப் இருப்பது நல்லது. "சின்ன அம்ப் சப்வூபரை எரித்துவிடும்" என்று கடைகளில் சொல்வது பாதி உண்மைதான். சின்ன அம்ப்பைச் சின்ன அம்ப்பாகவே ஓட்டினால் எதுவும் எரியாது. சத்தம் போதாமல் கேயினை (அம்ப் உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதற்கான திருகு) முறுக்கும்போது அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகிறது. முழுச் சதுர அலை, அதே உயரமுள்ள சுத்தமான அலையைப் போல் இரண்டு மடங்கு வெப்பத்தைக் கொயிலில் இறக்கும். 300 வொட் அம்ப் கிட்டத்தட்ட 600 வொட் போல் சுடும்.

ஓம் கணக்கு

இரட்டை 4 ஓம் கொயில் (தலா 4 ஓமில் இரண்டு கொயில்) உள்ள ஒரு சப்வூபரைச் சமாந்தரமாக இணைத்தால் 2 ஓம், தொடராக இணைத்தால் 8 ஓம். இரட்டை 2 ஓம் என்றால் 1 அல்லது 4. இரட்டை 4 ஓம் இரண்டு சப்வூபர்களை முழுக்கச் சமாந்தரமாக இணைத்தால் 1 ஓம். இரட்டை 2 ஓம் இரண்டை, ஒவ்வொன்றின் கொயில்களையும் தொடராக்கிப் பிறகு இரண்டையும் சமாந்தரமாக்கினால் 2 ஓம். அதையே முழுக்கச் சமாந்தரமாக்கினால் 0.5 ஓம், அம்ப்புக்கு ஆபத்து.

உதாரணமாக, ஒரு மோனோபிளொக் (ஒரே சனல் உள்ள அம்ப்) 4 ஓமில் 300 வொட், 2 ஓமில் 500 வொட் தருகிறது, 1 ஓமைத் தாங்காது என்று வைத்துக்கொள்வோம். 450 வொட் ஆர்.எம்.எஸ். சப்வூபரின் இரட்டை 4 ஓம் மொடலை எடுத்தால் 2 ஓமில் 500 கிடைக்கும். அதே சப்வூபரின் இரட்டை 2 ஓமை எடுத்தால் 4 ஓமில் 300 உடன் திருப்திப்பட வேண்டும், அல்லது 1 ஓமில் அம்ப் தன்னைக் காக்க நின்றுவிட்டதைக் காட்டும் புரொடெக்ட் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான்கு சனல் அம்ப்பின் இரண்டு சனல்களை பிரிட்ஜ் செய்தால் (ஒன்றாக இணைத்தால்) பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு சனலும் அதில் பாதியைத்தான் காண்கிறது.

வயர் பண்ணி முடித்ததும், அம்ப்பில் செருகுவதற்கு முன் பெட்டியின் முனையில் மல்டிமீற்றரை வையுங்கள். 2 ஓம் இணைப்பு 1.6 முதல் 1.9 வரை காட்டும், டி.சி. தடை எப்போதும் பெயரளவை விடக் குறைவு. 7க்குக் கிட்டக் காட்டினால் தொடராக இணைத்துவிட்டீர்கள். அப்படியே ஒரு 1.5 வோல்ட் பற்றரியை, பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாக, கணநேரம் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே தள்ள வேண்டும். இரண்டு சப்வூபரில் ஒன்று உள்ளே போனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, பேஸே இல்லாமல் போய்விடும்.

கேபிள்

500 வொட்டுக்கு 4 கேஜ் செப்புக் கேபிள், 300க்கு 8 கேஜ். முதலாம் குறுக்குத் தெருவில் மலிவாகக் கிடைக்கும் கிட்களில் பல, மேலே செம்பு பூசிய அலுமினியம். நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதுதான் என்றால் ஒரு படி தடித்ததை எடுங்கள். பிரதான பியூஸ் பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும், அது காப்பாற்றுவது அம்ப்பை அல்ல, கேபிளையும் வாகனத்தையும். ஏர்த்துக்கும் அதே தடிப்பு, பெயின்டைச் சுரண்டிய வெறும் தகட்டில். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்காற்றில் அந்த இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும், நட்டை இறுக்கிய பின் கிரீஸ் பூசுங்கள்.

கேயின் வைக்கும் முறை

சப்வூபரைக் கழற்றிவிடுங்கள். பேஸ் பூஸ்ட், ஈக்குவலைசர் எல்லாம் பூச்சியத்தில் இருக்கட்டும். லோ பாஸ் (குறிப்பிட்ட அளவுக்கு மேலுள்ள ஒலியை வெட்டும் பில்டர்) 80 ஹேர்ட்ஸ். கேயினை முற்றாகக் குறைத்து, செட்டின் சத்தத்தை முக்கால் பங்குக்கு வைத்து, 0 டெசிபலில் பதிந்த 50 ஹேர்ட்ஸ் ஒலியை ஓடவிடுங்கள். எட்ட வேண்டிய வோல்ட், வொட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும். 500 வொட், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட். 300 வொட், 4 ஓம் என்றால் 34.6. அம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் ஏ.சி. வோல்ட் அந்த எண்ணுக்கு வரும்வரை கேயினை மெல்லத் திருப்பி நிறுத்துங்கள். இங்கே அம்ப்பின் பவரா சப்வூபரின் பவரா, எது குறைவோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். துளையுள்ள பெட்டி என்றால் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சொனிக் பில்டரைப் பெட்டியின் டியூனிங்குக்கு (துளை ஒத்திசையும் ஹேர்ட்ஸுக்கு) சற்றுக் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் அதற்குக் கீழுள்ள ஒலியில் கோன் கட்டுப்பாடில்லாமல் ஆடும்.

பூட்டிய பிறகு அம்ப் நின்றுபோனால், நிற்கும் நேரமே காரணத்தைச் சொல்லும். போட்ட உடனே புரொடெக்ட் என்றால் ஓம் குறைவு, அல்லது ஸ்பீக்கர் வயர் எங்கோ தகட்டில் தொடுகிறது. பேஸ் அடிக்கும்போது மட்டும் விட்டு விட்டு வந்தால் வோல்ட் விழுகிறது, ஏர்த்தை முதலில் பாருங்கள். அரை மணித்தியாலம் ஓடிய பிறகு நின்று, ஆறியதும் வந்தால் வெப்பம். டிக்கியில் கார்ப்பெட்டுக்கு அடியில் திணித்த அம்ப் இப்படித்தான் செய்யும், சுற்றிலும் 5 சென்ரிமீற்றர் இடம் விடுங்கள். பசை கருகிய வாசனை வந்தால் உடனே நிறுத்தி, இரண்டு உள்ளங்கையாலும் கோனைச் சமமாக அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் கொயில் போய்விட்டது.